செட்டிநாட்டு வீட்டுக்குப் போறீங்களா? அந்தப் பூட்டிய கதவுகளையும் பாருங்க!

வைகை அணை பார்த்தாச்சு, மேகமலையும் போயாச்சு. அடுத்த லீவுக்கு என்ன ப்ளான்? ஆண்டிபட்டியில ரயில் ஏறி மதுரைக்குப் போங்க. மாட்டுத்தாவணியில காரைக்குடி பஸ். அங்கிருந்து ஆத்தங்குடி கிட்டதான்.

ஆத்தங்குடியில 'பெரிய வீடு'னு கேட்டா யாரும் வழி சொல்வாங்க. லட்சுமி விலாஸ்னும் சொல்வாங்க. சின்னக் கட்டணம் கட்டிட்டு உள்ளே போகலாம். பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், கண்ணாடித் தட்டுல வார்த்து, சூளையில சுடாமலே செய்ற ஆத்தங்குடி டைல்ஸ்... ரீல்ஸுக்கு இதுவே போதும்.

ஆனா, வளவுக்கு வந்ததும் போனை ஒரு நிமிஷம் இறக்குங்க. வளவுங்கிறது நடு முற்றம். அதைச் சுத்தி வரிசையா அறைகள் இருக்கும். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அதுல ஒரு பங்கு. நகரத்தார் வழக்கத்துல அவர் தனிப் 'புள்ளி'. வீடு ஒண்ணுதான், அடுப்பு மட்டும் தனித்தனி! கூட்டுக்குடும்பம்னா ஒரே உலைனு நினைச்சுட்டிருக்கோம்ல?

இந்த வீடுகளைக் கட்டிய பணத்துல பெரும்பங்கு பர்மா, மலேயா, இலங்கையில வட்டித் தொழில் செஞ்சு வந்தது. 1942-ல ஜப்பான் ராணுவம் பர்மாவைப் பிடிக்க, நிலம், கடன் பாக்கி எல்லாத்தையும் விட்டுட்டு ஓடிவர வேண்டியதாச்சு. வருமானம் நின்னுபோச்சு. வீடும் பங்காளிகளும் மட்டும் மிச்சம்.

சிக்கலே அங்கதான். தலைமுறை கூடக் கூட ஒரு வீட்டுக்குப் பங்குதாரர்களும் கூடிட்டே போறாங்க. ஒருத்தர் சென்னையில, இன்னொருத்தர் சிங்கப்பூர்ல. ஓடு மாத்தணும்னாக்கூட எல்லோரும் ஒத்துக்கணும். ஒத்துவராம இடிச்ச வீடுகளோட தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகளுக்கு வந்திடுது. வாங்குறதும் வாங்காததும் உங்க இஷ்டம். ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வாங்க, கதை முழுசாப் புரியும். தப்பிச்ச வீடுகளும் உண்டு. கானாடுகாத்தான் 'விசாலம்', கடியாபட்டி 'சிதம்பர விலாஸ்' ரெண்டும் இப்போ ஹோட்டல். வாடகைதான் கூரையைக் காப்பாத்துது.

கானாடுகாத்தான் அரண்மனை குடும்பத்தார் புழங்குற வீடு. வெளியே நின்னு பார்க்குறதோட சரினு நினைச்சுட்டே போங்க. முகூர்த்த நாள்களைத் தவிர்த்திடுங்க. கல்யாணத்துக்குப் பங்காளிகள் ஊர் திரும்புற நேரம் அது.