கிராம ஆலயம் கற்பிக்கும் பாடம்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் 1970-களில் தோன்றிய சிப்காட் தொழிற்பேட்டையைத் தொடர்ந்து ஆலைகள் பெருகின. அவற்றை நாடிப் பல மாவட்டங்களிலிருந்தும் குடிபெயர்ந்து வந்த கிறிஸ்தவர்களால் புதிய சபைகளும் உருவாயின. இச்சபைகள் சொந்த ஆலயம் கட்ட முனையும்போது, அவர்களுடைய மனக்கண்முன் பெரும்பாலும் ஒரே உருவமே எழுகிறது: கூர்முனை வளைவுச் சாளரங்கள், உயர்ந்த கோபுரம், நீண்ட நடுக்கூடம். இவ்வுருவம் நமக்கு எங்கிருந்து வந்தது? அது பிறந்த மண்ணில் அதன் பொருள் யாது? கட்டடப் பணியில் சபையை வழிநடத்தவேண்டிய ஆயர்கள் இவ்வினாக்களை வரலாற்றின் ஒளியில் ஆராய்வது நலம்.

இடைக்கால இங்கிலாந்தின் கிராம ஆலயம் ஒரே அச்சில் வார்க்கப்பட்டதன்று. டர்ஹாம் பகுதியிலுள்ள எஸ்கோம் ஆலயம் 7-ஆம் நூற்றாண்டில், பழைய ரோமக் கோட்டையிலிருந்து எடுத்த கற்களைக்கொண்டு கட்டப்பட்டது. எசெக்ஸ் பகுதியின் கிரீன்ஸ்டெட் ஆலயத்தின் நடுக்கூடச் சுவர்கள் பிளக்கப்பட்ட கருவாலி மரத்தண்டுகளால் ஆனவை. நார்ஃபோக் மக்கள் தங்கள் வயல்களில் கிடைத்த சக்கிமுக்கிக் கற்களால் சுவர் எழுப்பினர். காட்ஸ்வோல்டு மக்கள் தங்கள் குன்றுகளின் சுண்ணாம்புக்கல்லைச் செதுக்கினர். மண் எதைத் தந்ததோ அதுவே ஆலயமாயிற்று.

அமைப்பிலோ ஒரு பொது ஒழுங்கு காணப்பட்டது. கிழக்கே திருப்பீடப் பகுதி. மேற்கே மக்கள் கூடும் நடுக்கூடம். இரண்டிற்கும் இடையே சிலுவையைத் தாங்கிய மரத்திரை. இப்பிரிவு வழிபாட்டுக்கு மட்டும் உரியதன்று, பொறுப்புக்கும் உரியது. திருப்பீடப் பகுதியைப் பழுதுபார்ப்பது குருவின் கடமை. நடுக்கூடத்தைப் பேணுவது ஊர்மக்களின் கடமை. இம்மரபு 13-ஆம் நூற்றாண்டளவில் நிலைபெற்றது. ஆகவே நடுக்கூடம் ஊராருக்கே உரிய இடமாயிற்று. வாயில் மண்டபத்தில் திருமணச் சடங்கு தொடங்கிற்று. உடன்படிக்கைகளும் அங்கே செய்யப்பட்டன.

இப்பொறுப்பை மக்கள் எவ்வாறு சுமந்தனர் என்பதற்கு டெவன் பகுதியிலுள்ள மோர்பாத் என்னும் சிற்றூர் சிறந்த சான்று. முப்பத்துமூன்று குடும்பங்களே வாழ்ந்த அவ்வூரில் கிறிஸ்டோபர் டிரைக்கே என்னும் குருவானவர் 1520 முதல் 1574 வரை பணியாற்றினார். சபையின் வரவுசெலவுக் கணக்குகளையும் தம் கையால் எழுதிவைத்தார். அக்கணக்குகள் இன்றும் உள்ளன. ஆலயத்துக்குரிய ஆடுகளை ஊரார் தங்கள் மந்தைகளோடு சேர்த்து மேய்த்தனர். அவற்றின் கம்பளி விற்ற பணம் விளக்குக்கும் அலங்காரத்துக்கும் சென்றது. இளைஞருக்கு ஒரு நிதி, கன்னியருக்கு ஒரு நிதி எனத் தனித்தனி நிதிகள் இருந்தன. விழா நாட்களில் மதுபானம் காய்ச்சி விற்றும் பணம் திரட்டினர். நம் சபைகளில் தாய்மார் சேர்த்துவைக்கும் கைப்பிடி அரிசியை இதனோடு ஒப்பிடலாம்.

சீர்திருத்தம் இவ்வாழ்வை உலுக்கிற்று. 1547-க்குப் பின் அரச ஆணைகளால் சொரூபங்கள் அகற்றப்பட்டன. சுவரோவியங்கள் மீது சுண்ணாம்பு பூசப்பட்டது. மோர்பாத்தின் ஆட்டு நிதிகளும் கலைந்தன. 1549-இல் புதிய ஜெபப்புத்தகத்தை எதிர்த்து மேற்குப் பகுதியில் கலகம் மூண்டபோது, அவ்வூரார் ஐந்து இளைஞரைச் சபைச் செலவிலேயே கலகக்காரர் பாளயத்துக்கு அனுப்பினர். சீர்திருத்தத்தின் மக்களாகிய நாம் இதனை எளிதில் கடந்துவிடலாகாது. வசனம் மக்கள் மொழியில் வந்தது பெரும் பேறே; எனினும் மக்கள் தம் கைகளால் ஆலயத்தைச் சுமந்த முறைகளுள் பல அத்துடன் முறிந்தன என்பதும் உண்மையே.

ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்து தன் இடைக்கால ஆலயங்களை மீண்டும் நேசிக்கத் தொடங்கிற்று. 1839-இல் தோன்றிய கேம்பிரிட்ஜ் கேம்டன் சங்கம், 14-ஆம் நூற்றாண்டுக் கோத்திக் அமைப்பே கிறிஸ்தவ ஆலயத்துக்கு ஏற்ற மாதிரி எனப் போதித்தது. அக்காலத்திலேயே நெல்லைச் சீமையின் பனங்காட்டு ஊர்களிலும் கோத்திக் ஆலயங்கள் எழுந்தன. மெய்ஞ்ஞானபுரத்தில் சர்ச் மிஷனெரி சங்கத்தைச் சேர்ந்த ஜான் தாமஸ் கட்டிய தூய பவுல் ஆலயம் 1847-இல் திறக்கப்பட்டது. அதன் 192 அடிக் கோபுரம் 1868-இல் நிறைவெய்தியது. இடையன்குடியில் கால்டுவெல் தொடங்கிய ஆலயம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்து 1880-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இவற்றை அயல்நாட்டுச் சரக்கு என்று இகழ்வது முறையன்று. இழிவாக நடத்தப்பட்ட மக்களுக்கு, தலைநிமிர்ந்து நிற்கும் ஆலயம் தன்மதிப்பின் அடையாளமாயிற்று. தலைமுறைகளின் ஜெபத்தால் அவை நம்முடையவை ஆகிவிட்டன.

ஆயினும் அந்தக் கோபுரத்தின் அருகிலேயே வேறொரு சிந்தனையும் வளர்ந்தது. 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்து மெய்ஞ்ஞானபுரம் விடுதிப் பள்ளியில் பயின்ற சிறுவன், பிற்காலத்தில் தோர்ணக்கல் பேராயரான வே. ச. அசரியா ஆவார். அவர் எழுப்பிய தோர்ணக்கல் பேராலயம் 1939-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதில் திராவிடக் கட்டடக் கலையும் இஸ்லாமியக் கட்டடக் கலையும் கிறிஸ்தவ வழிபாட்டுக்குப் பணிசெய்கின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்தை அடுத்துள்ள திருப்பத்தூரிலும் இத்தகைய சான்று உண்டு. 1921-இல் மருத்துவர்களாகிய சவரிராயன் ஏசுதாசனும் எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டனும் நிறுவிய கிறிஸ்துகுல ஆசிரமத்தின் ஜெபாலயம், தமிழ்நாட்டுக் கோயில் அமைப்பைத் தழுவியது.

இவ்விரு நெறிகளுள் இடைக்காலக் கிராம ஆலயத்துக்கு உண்மையான வாரிசு எது? புற வடிவத்தை நோக்கின் மெய்ஞ்ஞானபுரம். மண்ணின் மரபைக்கொண்டு கட்டும் கொள்கையை நோக்கின் தோர்ணக்கல்லும் திருப்பத்தூரும். கூர்முனை வளைவைப் படியெடுப்பதால் மட்டும் நாம் அம்மரபின் பிள்ளைகள் ஆகிவிட மாட்டோம்.

கிருஷ்ணகிரி மாவட்டம் கருங்கல்லுக்குப் பெயர்பெற்றது. அதன் கல் மெருகேற்றப்பட்டுக் கடல்கடந்து செல்கிறது. மல்லச்சந்திரத்தின் கற்திட்டைகளும், ஊர்தோறும் காணும் நடுகற்களும், இங்கு வாழ்ந்தோர் தம் நினைவைக் கல்லில் நிறுத்திய மரபைக் காட்டுகின்றன. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் ஒரே தெருவில் ஒலிக்கும் எல்லைப்புறம் இது. இரவுப் பணி முடித்து விடியற்காலையில் திரும்பும் தொழிலாளிக்கு ஞாயிறு காலை ஆராதனை வேளை எளிதன்று. இம்மக்களுக்காக ஆலயம் கட்டுவோர் முதலில் கேட்கவேண்டியது, கோபுரம் எத்தனை அடி என்பதன்று. இதன் நடுக்கூடம் யாருடையது? எம்மொழிகள் இங்கு ஜெபிக்க இடம் உண்டு? வாரநாட்களில் கதவு எவ்வேளைகளில் திறந்திருக்கும்? வெளியிலிருந்து வரும் நன்கொடையும் கடனும் மட்டும் இதனைத் தாங்குமா, அல்லது ஒவ்வொரு குடும்பமும் தன் பங்கைச் சுமக்குமா?

நிலையற்ற வேலை ஒப்பந்தங்களில் வாழும் குடும்பங்கள்மீது பெருங்கடனைச் சுமத்தி எழுப்பப்படும் கோபுரம் எவ்வளவு உயர்ந்ததாயினும் சாட்சியாகாது. மோர்பாத்தின் எளிய மந்தை நமக்குக் கற்பிப்பது இதுவே: ஒவ்வொருவரும் சுமக்கக்கூடிய அளவில் பங்கு இருந்தபோது ஆலயம் அனைவருடையதாயிற்று. ஜீவனுள்ள கற்களாகிய மக்களை முதலில் கட்டுவோமாக. அம்மண்ணின் கல் தனக்குரிய இடத்தைத் தானே அடையும்.