தராசும் சனிக்கிழமையும்

தாணேயில் எங்கள் வீட்டுக்குக் கீழ்வீட்டில் ஒரு மாவ்ஷி இருக்கிறார். (மராத்தியில் சித்தி, பெரியம்மா இரண்டு பேருக்கும் இதே சொல்தான்.) கொங்கணக் கரையில் பல நூற்றாண்டுகளாக வாழும் பெனே இஸ்ரேல் யூதக் குடும்பம். இந்த ஊரில் 1879-ல் கட்டிய அவர்களுடைய ஜெபாலயமே இருக்கிறது.

போன மாதம் மாவ்ஷிக்குச் சர்க்கரை என்று தெரிந்து, எடையைக் குறைக்கச் சொல்லி ஒரு அச்சடித்த தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மதியம் ஒரு மணிக்குக் கோழி, கூடவே ஒரு கப் தயிர். நாலு மணிக்கு மோர். இரவு பனீர். தேங்காய் கூடவே கூடாது. "கறியோட தயிர் நாங்க சாப்பிடறதில்லையே" என்று மாவ்ஷி கேட்டதற்கு, "நீங்களே பார்த்து மாத்திக்குங்க" என்று பதில். மாவ்ஷி தாளை மடித்து மாவு டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டார். நம் வீடுகளிலும் இப்படி டப்பாவுக்கு அடியில் போன தாள்கள் எத்தனையோ, இல்லையா?

இதைக் கேட்டதும் எனக்கு 1961-ம் வருஷத்து நியூயார்க் நினைவுக்கு வந்தது. அதற்கு முன், கோஷர் என்றால் என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

யூத மறைநூலில் "ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே" என்ற கட்டளை மூன்று இடங்களில் வருகிறது. அதிலிருந்து வளர்ந்ததுதான் கறியையும் பாலையும் சேர்க்காத வழக்கம். பாத்திரம்கூடத் தனித்தனி. கறி சாப்பிட்டால் பால் தொடப் பலர் ஆறு மணி நேரம் காத்திருப்பார்கள். ஜெர்மன் யூதர்களுக்கு மூன்று மணி, ஹாலந்துக்காரர்களுக்கு ஒரு மணி. மீனுக்குச் செதிலும் துடுப்பும் வேண்டும், அதனால் இறால், நண்டு கிடையாது. இரத்தம் ஆகாது என்பதால் கறியை ஊறவைத்து, உப்பிட்டு, கழுவித்தான் சமைப்பார்கள்.

கவனித்தீர்களா? இதில் எங்கேயும் 'எவ்வளவு' என்ற கேள்வியே இல்லை. எது, எதோடு, எப்போது என்பதோடு சரி. கறிக்கு வெண்ணெய் கூடாது என்றதும் கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் கோழிக்கொழுப்பை உருக்கி 'ஷ்மால்ட்ஸ்' செய்தார்கள். கொங்கணத்தில் தேங்காய்ப்பாலை எடுத்துக்கொண்டார்கள். விதி மீறப்படவில்லை. இடுப்பளவு பற்றி விதி கவலைப்படவும் இல்லை :-)

இனி நியூயார்க். ஜீன் நிடெட்ச் 1923-ல் ப்ரூக்ளினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா டாக்ஸி ஓட்டுநர். 1961-ல் அவர் எடை 214 பவுண்டு, அதாவது 97 கிலோ. கடையில் பார்த்த ஒரு பெண் "குழந்தை எப்போ?" என்று கேட்டுவிட, மனம் நொந்துபோய் நகரச் சுகாதாரத் துறையின் பருமன் கிளினிக்குக்குப் போனார். அங்கே கொடுத்தது டாக்டர் நார்மன் ஜாலிஃப் வகுத்த உணவுத் திட்டம். வாரம் ஐந்து முறை மீன். வாரம் ஒரு முறை ஈரல். தினம் இரண்டு துண்டு ரொட்டி, இரண்டு டம்ளர் கொழுப்பு நீக்கிய பால். மது, இனிப்பு கிடையாது. எல்லாவற்றையும் தராசில் நிறுத்துச் சாப்பிட வேண்டும்.

இந்தத் தாள் ஒரு கோஷர் வீட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? மீன் பிரச்சினையில்லை. அது கறியும் அல்ல, பாலும் அல்ல. ஈரலில் இரத்தம் அதிகம், உப்பு போட்டால் போதாது. நேரடியாக நெருப்பில் வாட்டியே ஆக வேண்டும். மதியம் கறி என்றால் பால் டம்ளர் இரவு ஏழுக்கு மேல்தான். இரவும் கறி என்றால் அதுவும் போச்சு.

பெரிய சிக்கல் சனிக்கிழமை. வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு வரை ஓய்வுநாள். வெள்ளி இரவு திராட்சை ரசத்தின் மேல் பிரார்த்தனை. பிறகு ரொட்டியோடு சாப்பாடு. அப்படி மொத்தம் மூன்று வேளை. அன்றைக்கு அளப்பது, நிறுப்பது பொதுவாக அனுமதியில்லை, நோயாளிக்கு மட்டும் விலக்கு உண்டு. தராசை நம்பி எழுதிய தாள், தராசையே தொடக்கூடாத நாளில் என்ன செய்யும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், சிக்கல் எதுவும் இல்லாதவர்களுக்கும் அந்தத் தாள் வேலை செய்யவில்லை. ஜீன் பத்து வாரத்தில் 20 பவுண்டு குறைத்தார். ஆனால் ஒளித்து வைத்திருந்த பிஸ்கட்டை ரகசியமாகத் தின்றுகொண்டும் இருந்தார். கிளினிக்கில் சொல்ல வெட்கம். ஆகவே ஆறு தோழிகளை வீட்டுக்கு அழைத்து உண்மையைச் சொன்னார். பார்த்தால், ஆளுக்கொரு ரகசியம்! வாராவாரம் கூடினார்கள், கூட்டம் பெருகியது. 1962 அக்டோபரில் அவர் எடை 142 பவுண்டு. 1963-ல் அதுவே 'வெயிட் வாட்சர்ஸ்' நிறுவனம் ஆயிற்று. 1978-ல் அதை ஹைன்ஸ் கம்பெனி சுமார் 7 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 1923-ல், ஜீன் பிறந்த அதே வருஷம், ஓ.யூ. என்ற கோஷர் முத்திரையை முதன்முதலாகப் பெற்றதும் இதே ஹைன்ஸின் பீன்ஸ் டப்பாதான்!

உணவுத் திட்டம் ஜீனுடையது அல்ல. அவர் சேர்த்தது ஆட்களை மட்டும்தான். யோசித்துப் பார்த்தால் கோஷர் இத்தனை காலம் நிலைத்ததும் அதனால்தான். மனவுறுதியால் தனியாளாக யாரும் அதைக் காப்பாற்றுவதில்லை. வீடே கடைப்பிடிக்கிறது, தெருவே கடைப்பிடிக்கிறது, கசாப்புக்காரரும் கடைப்பிடிக்கிறார். டயட் தாளோ ஒரே ஒரு ஆளின் பெயருக்கு எழுதப்படுகிறது. மற்றவர்கள் மாலிதா (அவல், தேங்காய், இனிப்பு, பழம் சேர்த்த அவர்களுடைய பிரசாதம்) சாப்பிடும்போது மாவ்ஷி மட்டும் வெள்ளரிக்காயோடு உட்கார வேண்டும்.

போன வாரம் என் மனைவி அந்தத் தாளை வாங்கி வந்தாள். இருவரும் உட்கார்ந்து திருத்தினார்கள். தயிர் காலைக்குப் போனது. நாலு மணி மோருக்குப் பதில் சுண்டல். பனீர் இரவு ஏழரைக்கு, ஆறு மணி நேரம் தாண்டிவிடுகிறதே. தேங்காய்ப்பால் வாரம் ஒரு நாள், அதுவும் மூன்றாம் பால். திருத்தியதை டாக்டரிடம் காட்டிச் சம்மதம் வாங்கியாயிற்று. வெள்ளி மதியமே தராசை வைத்து சனிக்கிழமைச் சாப்பாட்டை நிறுத்து, வேளைக்கு ஒரு டப்பாவாகப் போட்டுவிடுகிறார்கள்.

இப்போது கீழ்வீட்டில் மாவ்ஷியின் கணவருக்கும் அதே டப்பாதான். எங்கள் வீட்டில் எனக்கும்!