சிப்பியில் பிறந்த புவே

கெடாவின் சீனர் வீடுகளில் ஏழாம் மாதப் படையலன்று மேசை நிறையச் சோறும் கோழியும் பன்றி இறைச்சியும் தேநீர்க் கிண்ணங்களும் வைத்திருப்பார்கள். எல்லாம் இறந்துபோன முன்னோருக்கு. ஊதுபத்தி பாதி எரிந்ததும் வீட்டுப் பெரியவர் இரண்டு பத்து சென் காசுகளைக் கையில் எடுப்பார். “சாப்பிட்டாகிவிட்டதா?” என்று தன் அப்பாவையோ பாட்டியையோ கேட்டுவிட்டுக் காசுகளைத் தரையில் போடுவார். ஒன்றில் செம்பருத்திப் பூவும் மற்றதில் பல்லாங்குழியும் மேலே தெரிந்தால் சாப்பாடு முடிந்தது, காகிதப் பணத்தை எரிக்கலாம். இரண்டும் ஒரே முகமாக விழுந்தால் அவர்கள் இன்னும் சாப்பிட்டுக் கொண்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி கேட்க வேண்டும். (1989இல் வெளிவந்த பத்து சென்னில் ஒரு பக்கம் பூ, மறுபக்கம் மலாய்க்காரர்களின் சொங்காக் பலகை. நம் பல்லாங்குழியின் உறவுக்காரப் பலகைதான் அது.)

காசு இங்கே மாற்று ஆள். அசல் பொருளை ஹொக்கியன் சீனர் ‘புவே’ என்பார்கள், மாண்டரினில் ஜியாவ்பெய். பிறைவடிவில் செதுக்கிய இரண்டு துண்டுகள், பெரும்பாலும் சிவப்புச் சாயம் பூசிய மரம் அல்லது மூங்கில் வேர். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மேடு. தட்டைப் பக்கம் யாங், மேட்டுப் பக்கம் யின். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்று தட்டையாகவும் மற்றது மேடாகவும் விழுவது சம்மதம். இரண்டிலும் மேடு மேலே இருந்தால் மறுப்பு. இரண்டிலும் தட்டை மேலே இருந்தால் சாமி சிரிக்கிறது. அப்படி விழுந்த துண்டுகள் முதுகில் கிடந்து சற்று நேரம் ஆடும், அந்த ஆட்டமே சிரிப்பு என்று சொல்வார்கள்.

இது எங்கே பிறந்தது என்று தேடினால் பாதை அரண்மனையைத் தொட்டுத் தொடங்குகிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஷாங் அரசர்கள் ஆமையோட்டிலும் மாட்டின் தோள்பட்டை எலும்பிலும் குழி தோண்டிச் சூடு வைத்து, விழும் விரிசலைப் பார்த்துக் கேள்விக்குப் பதில் கண்டார்கள். “மழை வரும்”, “மழை வராது” என்று ஒரே விஷயத்தை இரண்டு பக்கமாகவும் கேட்டு எலும்பிலேயே பொறித்து வைத்தார்கள். அந்த எலும்புகளின் எழுத்தை 1899இல் வாங் யிரொங் என்ற அறிஞர் அடையாளம் கண்டதாகச் சொல்வார்கள். பின்னால் ஆன்யாங் என்ற ஊரின் மண்ணிலிருந்து துண்டுகள் குவியல் குவியலாக வந்தன. அடுத்து வந்த ஜோவ் காலத்தில் யாரோ என்ற செடியின் ஐம்பது காய்ந்த தண்டுகளை எண்ணிப் பிரித்து, அறுபத்து நான்கு குறிகளில் ஒன்றை எட்டும் ‘யீ ஜிங்’ முறை வளர்ந்தது. முதலாவதற்கு அரசன் வேண்டும், இரண்டாவதற்குப் படித்தவன் வேண்டும். வயலில் நிற்பவனுக்கு இரண்டும் எட்டாது.

அவன் கைக்கு எட்டியது ஆற்றுச் சிப்பி. இதைச் சொல்லி வைத்தவர் தெற்குச் சொங் காலத்து அதிகாரியும் அறிஞருமான செங் தாசாங் (1123–1195). முன்னாளில் இரண்டு சிப்பி ஓடுகளை மேலே வீசி, தரையில் கவிழ்ந்தனவா மல்லாந்தனவா என்று பார்த்து நல்லது கெட்டது அறிந்தார்கள். பிறகு சிப்பியைப் போலவே மூங்கிலையும் மரத்தையும் செதுக்கிக் கொண்டார்கள் என்று எழுதியிருக்கிறார். இன்றைய புவேயைக் கையில் வாங்கிப் பார்த்தால் அவர் சொன்னது விளங்கிவிடும். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் தட்டை, இரண்டையும் சேர்த்தால் மூடிய சிப்பி.

செங்குக்கு ஆறு நூற்றாண்டுகள் முன்பே, யாங்சி ஆற்றின் நடுப்பகுதி மக்களின் ஆண்டுச் சடங்குகளைத் தொகுத்த ஜோங் லின், ஊர்மக்கள் மண்தெய்வத்தின் முன் இதைப் போட்டு வருகிற ஆண்டின் விளைச்சலைக் கேட்டதைக் குறித்திருக்கிறார். 805இல் பெரும் புலவர் ஹான் யூ நாடுகடத்தலிலிருந்து திரும்பும் வழியில் ஹெங் மலைக் கோயிலில் தங்கினார். அங்கே கிழவர் ஒருவர் புவேயைக் கையில் கொடுத்து எப்படிப் போடுவது என்று சொல்லிக் கொடுத்ததை அவரே பாடியிருக்கிறார். நாட்டின் மிகப் பெரிய படிப்பாளிக்குக் கோயில்காரக் கிழவர் ஆசிரியரானார். இந்தப் பொருளின் குணம் அதிலேயே தெரிகிறது. எழுத்தறிவு கேட்காது, பூசாரி கேட்காது.

கடாரம் என்ற பழைய கெடாவுக்கும் சீனாவுக்கும் தொடர்பு பழையது. 671இல் குவாங்சோவில் கப்பலேறிய பௌத்தத் துறவி யிஜிங், கடாரம் வழியாகத்தான் இந்தியா போனார். ஆனால் புவே இங்கே வேர் பிடித்தது பிற்பாடு, 1786இல் பினாங்கு ஆங்கிலேயர் கைக்குப் போய், ஃபூஜியான், குவாங்தோங் கரையோர மக்கள் வந்து இறங்கி, அக்கரையிலிருந்து கூலிம் ஈயச் சுரங்கங்களுக்கும் பெருநில ஊர்களுக்கும் பரவிய பிறகு. ஊர்க்கோயிலின் ஊதுபத்திச் சாம்பலை ஒரு பிடி கட்டிக் கொண்டு வந்தார்கள், புதுக் கோயிலின் கிண்ணத்தில் போட்டார்கள். புவேயை வழியில் தொலைத்தாலும் கவலையில்லை, மூங்கில் எங்கும் கிடைத்தது.

அந்தக் கோயில்களில் அது வெறும் குறி கேட்கும் கருவியாக நிற்கவில்லை. திருவிழாவின் அடுத்த ஆண்டுத் தலைவரை, ஊதுபத்திக் கிண்ணத்தின் பொறுப்பாளரை, அதுவே தேர்ந்தெடுக்கிறது. பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் புவே போடுவார்கள். தொடர்ச்சியாக அதிகச் சம்மதம் யாருக்கு விழுகிறதோ அவரே தலைவர். பணக்காரத் தவுக்கேயும் கோப்பிக்கடைக்காரரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஓட்டுப் போட்டுப் பிளந்து போகிற நம் கோயில் நிர்வாகக் கூட்டங்களை நினைத்தால், இந்த ஏற்பாட்டின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

பீடோங், பாடாங் செராய், லூனாஸ் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் அந்நியமாகத் தோன்றாது. மாரியம்மன் சன்னதியில் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியே இலையில் மடித்துப் போட்டு, விவரம் அறியாத குழந்தையை எடுக்கச் சொல்லி, கல்யாணத்துக்கு உத்தரவு கேட்பது நம் வழக்கம். பூக்கட்டிப் பார்ப்பதும் புவே போடுவதும் ஒரே மனத்தின் செயல்கள். ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கிறது, அதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது. பூவுக்கு இரண்டு பதில்தான்: ஆம், இல்லை. புவேக்கு மூன்றாவது ஒன்று இருக்கிறது. சாமி சிரித்தால் கேள்வி சரியில்லை என்று பொருள். நீ கேட்பது உனக்கே தெளிவில்லை, அல்லது பதில் உனக்கு முன்பே தெரியும், திருத்திக் கேள். கேட்டவனிடமே கேள்வியைத் திருப்பித் தரும் இந்தச் சிரிப்பில்தான் புவேயின் அறிவெல்லாம் இருக்கிறது.

வீட்டில் செய்வதற்கு அதிகம் வேண்டாம். புவே இல்லாவிட்டால் ஒரே மாதிரி இரண்டு காசு போதும். எந்தப் பக்கம் தட்டை, எந்தப் பக்கம் மேடு என்று போடுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். கை கழுவி, சாமி மேடை முன் ஊதுபத்தி ஏற்றி, பெயரும் இருக்கும் இடமும் சொல்லி, கேள்வியை ஒரே வாக்கியமாக்க வேண்டும். “இந்த வேலைக்குப் போகட்டுமா, இங்கேயே இருக்கட்டுமா?” என்பது இரண்டு கேள்வி. “இந்த வேலைக்குப் போகலாமா?” என்பதே கேள்வி. இரண்டு கைகளுக்குள் வைத்து, புகையின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, நெஞ்சு உயரத்திலிருந்து தரையில் விட வேண்டும். சம்மதம் என்றால் நன்றி சொல்லி எழ வேண்டும். சிரிப்பு என்றால் கேள்வியை மாற்ற வேண்டும். மறுப்பு என்றால் அன்றைக்கு அதே கேள்வியை விட்டுவிட வேண்டும். பிடித்த பதில் வரும்வரை போட்டுக் கொண்டேயிருப்பது கேட்பது ஆகாது.

பெரிய காரியத்துக்குத் தொடர்ந்து மூன்று சம்மதம் வேண்டும். இரண்டு காசு விழும் நான்கு விதங்களில் இரண்டு சம்மதம், ஆகவே ஒருமுறைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மூன்றும் தொடர்ந்து விழுவது எட்டில் ஒன்று. அரிதான பதிலை அவர்கள் வேண்டுமென்றேதான் கேட்டார்கள், அவசரக்காரனைத் தடுத்து நிறுத்த. கோயிலில் குச்சி குலுக்கி எண் எடுப்பவர்களும் அந்தக் குச்சி தமக்குரியதுதானா என்று புவே போட்டுத்தான் உறுதி செய்கிறார்கள்.

நோய்க்கு மருத்துவமனை இருக்கிறது, அங்கே போக வேண்டுமா என்று காசைக் கேட்கக் கூடாது. லாட்டரி நம்பர் கேட்கவும் கூடாது. நான்கு இலக்க நம்பருக்காகப் புவேயைத் தேய்ப்பவர்களைப் பார்த்தால் மனம் நோகிறது, ஏனென்றால் முன்னோர் சாப்பிட்டார்களா என்று விசாரிக்கப் பிறந்த கை அது.

சிப்பியின் கதை நமக்குத் தெரிவது செங் தாசாங் அதைத் தாளில் எழுதி வைத்ததால். நம் தோட்டங்கள் விற்கப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் சுங்கை பட்டாணி, கூலிம் தாமான்களுக்குப் போய்விட்டார்கள். எந்தத் தோட்டத்து மாரியம்மனுக்கு எந்த நிறப் பூ சம்மதம், யார் எடுப்பார்கள், எடுத்தது மாறினால் என்ன செய்வார்கள் என்பது இப்போது பாட்டிமார்களிடம் மட்டும் இருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, தோட்டத்தின் பெயரோடு எழுதி வையுங்கள்.