ஸ்ரீராம்புரம்: தண்டுக்கு வெளியே ஒரு தமிழ்ப் பேட்டை

பெங்களூர் மெட்ரோவின் பச்சைத் தடத்தில் சம்பிகே சாலைக்கு அடுத்த நிலையம் ஸ்ரீராம்புரம். 2014 மார்ச் 1 அன்று இந்நிலையம் திறக்கப்பட்டது. தமிழகத்திலிருந்து முதன்முறையாக வரும் ஒருவர் இங்கே இறங்கி உள்தெருக்களில் நடந்தால் வியப்படைவார். மல்லேஸ்வரத்தின் அகன்ற சாலைகளை அடுத்துக் குறுகிய சந்துகள் தொடங்குகின்றன. கடைப் பேரத்திலும் வாசற்படிப் பேச்சிலும் தமிழ் ஒலிக்கிறது. கன்னட நாட்டின் தலைநகரில், எதிர்பாராத இடத்தில், ஒரு தமிழ்ப் பேட்டை.

பெங்களூர்த் தமிழர் வரலாற்றுக்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம் ஒன்றுண்டு. 1809இல் ஆங்கிலேயர் அமைத்த தண்டுப் பகுதிக்குச் சென்னை மாகாணப் படையோடு சிப்பாய்களும் வணிகரும் பணியாளரும் வந்தனர். அல்சூரும் சிவாஜிநகரும் தமிழ் வட்டாரங்களாயின என்பது அது. நகரத் தமிழரின் பொதுநினைவும் கிழக்கையே சுற்றி நிற்கிறது. 1950இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும், பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையும் அல்சூர்ப் பகுதியிலேயே உள்ளன.

ஸ்ரீராம்புரமோ தண்டுக்கு உட்பட்டதன்று. பழைய பேட்டைக்கு வடமேற்கே, மைசூர் அரசரின் ஆட்சி எல்லைக்குள் அமைந்த பகுதி அது. 1949 வரை இவ்விரு பகுதிகளுக்கும் நகராட்சியே வேறு வேறாக இருந்தது. எனவே படையை வைத்து ஸ்ரீராம்புரத்தை விளக்க இயலாது. ஆலையை வைத்தே விளக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நகரின் மேற்கே துணி ஆலைகள் எழுந்தன. 1884இல் தோன்றிய பெங்களூர் கம்பளி, பருத்தி, பட்டு ஆலை 1886இல் பின்னி நிறுவனத்தின் நிர்வாகத்துக்கு வந்தது. மல்லேஸ்வரத்தை ஒட்டி, மக்கள் ராஜா மில் என்றழைத்த நூற்பாலை இயங்கியது. பின்னர் மாகடி சாலைப் பகுதியில் மினர்வா ஆலை வந்தது. இவற்றில் கன்னடர், தெலுங்கர் ஆகியோருடன் தமிழரும் உழைத்தனர். சங்கொலி கேட்கும் தொலைவில் குடியிருப்பது ஆலைத் தொழிலாளியின் தேவை. அத்தேவை வளர்த்த பேட்டைகளுள் ஒன்று ஸ்ரீராம்புரம்.

மினர்வா ஆலையின் பெயரைச் சட்ட மாணவர் அனைவரும் அறிவர். 1974இல் நாட்டுடைமையாக்கப்பட்ட அவ்வாலை தொடர்பான வழக்கில்தான், அரசியலமைப்பைத் திருத்தும் நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்கு எல்லை உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1980இல் மீண்டும் உறுதிசெய்தது. தீர்ப்பு பாடநூலில் நிலைத்தது. ஆலையில் தறியோட்டியவர் வாழ்க்கை அவ்வாறு நிலைக்கவில்லை.

காவிரி இடைக்கால ஆணையையொட்டி 1991 டிசம்பரில் பெங்களூர்த் தமிழர்மீது வன்முறை நிகழ்ந்தபோது, உழைக்கும் ஏழைகளே பெரிதும் துன்புற்றனர். தலைமுறைகளாக இந்நகரத்துக்கு நூல் நூற்றவர்கள் ஒரே நாளில் அயலாராகப் பார்க்கப்பட்டனர்.

இன்று ராஜா மில் நின்ற நிலத்தில் வணிக வளாகம் நிற்கிறது. பின்னி ஆலை நிலத்தில் அடுக்குமாடிகள். சுதேச சமஸ்தான மைசூரின் கோலார்ச் சுரங்கத் தொழிலாளரையும் பெங்களூர் ஆலைத் தொழிலாளரையும் ஜானகி நாயர் 1998இல் வெளியான நூலில் ஆராய்ந்துள்ளார். அதன் பிந்தைய காலத்தை நேரில் கண்டவர்கள் முதுமை எய்திவிட்டனர். அவர்களின் வாய்மொழியைப் பதிவுசெய்ய எஞ்சியுள்ள காலம் சிறிது. தண்டு வரலாற்றோடு ஆலை வரலாறும் சேர்ந்தாலன்றிப் பெங்களூர்த் தமிழர் வரலாறு முழுமை பெறாது.