செயற்கைக்கோள்வழி இடமறிதலின் வரலாறு

செயற்கைக்கோள்வழி இடமறிதல் என்பது, செயற்கைக்கோள்கள் அனுப்பும் வானொலிக் குறிகைகளைக் கொண்டு நிலத்திலோ கடலிலோ வானிலோ உள்ள ஒரு பொருளின் இருப்பிடத்தைக் கணிக்கும் முறையாகும். இன்று கைப்பேசி வரை வந்துவிட்ட இம்முறை, முதலில் படைத்துறைத் தேவைக்காக உருவானது.

தொடக்கம்

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் 1 செயற்கைக்கோளை ஏவியது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் பணியாற்றிய வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் ஆகியோர் அதன் குறிகையைக் கேட்டனர். செயற்கைக்கோள் நெருங்கும்போது குறிகையின் அதிர்வெண் கூடியது; விலகும்போது குறைந்தது. தொடர்வண்டி நம்மைக் கடக்கும்போது அதன் ஊதல் ஒலி மாறுவதற்கும் இதே டாப்ளர் விளைவுதான் காரணம். இம்மாற்றத்தை அளந்தே அவர்கள் ஸ்புட்னிக்கின் சுற்றுப்பாதையைக் கணித்தனர்.

1958 இல் அதே ஆய்வகத்தின் ஃபிராங்க் மெக்ளூர் இக்கணக்கைத் திருப்பிப் போட்டார். சுற்றுப்பாதை முன்பே தெரிந்திருந்தால், குறிகையைக் கேட்பவர் தாம் இருக்கும் இடத்தை அறியலாம் அல்லவா? இவ்வெண்ணத்திலிருந்து அமெரிக்கக் கடற்படையின் டிரான்சிட் அமைப்பு பிறந்தது. அது போலாரிஸ் ஏவுகணை நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு வழிகாட்டியது. 1967 முதல் வணிகக் கப்பல்களும் அதைப் பயன்படுத்தின. ஆனால் செயற்கைக்கோள் கடந்து செல்லும் வரை காத்திருக்க வேண்டியிருந்ததால், வானூர்திகளுக்கு அது ஏற்றதாக இல்லை.

ஜிபிஎஸ்

1973 இல் திட்டமிடப்பட்ட ஜிபிஎஸ் அமைப்பின் முதல் செயற்கைக்கோள் 1978 இல் ஏவப்பட்டது. இது குறிகை வந்து சேரும் நேரத்தை வைத்துத் தொலைவை அளக்கிறது. வானொலி அலை ஒரு மைக்ரோ நொடியில் ஏறத்தாழ 300 மீட்டர் செல்லும். எனவே கடிகாரத்தில் ஒரு மைக்ரோ நொடி பிசகினால் தொலைவில் 300 மீட்டர் பிழை நேரும். இதனாலேயே செயற்கைக்கோள்களில் அணுக்கடிகாரங்கள் வைக்கப்படுகின்றன. இடத்தைக் கணிக்க மூன்று செயற்கைக்கோள்கள் தேவை. நம் கருவியின் கடிகாரப் பிழையைக் கண்டறிய நான்காவதும் தேவை.

பொதுப் பயன்பாடு

1983 செப்டம்பர் 1 அன்று வழிதவறிச் சோவியத் வான்பரப்பில் நுழைந்த தென்கொரியப் பயணிகள் விமானம் 007 சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 269 பேரும் உயிரிழந்தனர். அதன்பின், ஜிபிஎஸ் பணி முடிந்ததும் குடிசார் விமானங்களுக்கும் வழங்கப்படும் என்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகன் அரசு அறிவித்தது. எனினும் பொதுமக்களுக்கான குறிகையில் வேண்டுமென்றே பிழை சேர்க்கப்பட்டது. அதனால் இடம் 100 மீட்டர் வரை தவறக்கூடும். 2000 மே மாதத்தில்தான் இது நீக்கப்பட்டது.

இந்தியாவின் நாவிக்

கொடுப்பவர் குறைக்கவும் கூடும் என்பதால், பிற நாடுகளும் தமக்கெனத் தனி அமைப்புகளை நிறுவின. இந்தியாவின் நாவிக் அமைப்பிற்கான முதல் செயற்கைக்கோள் 2013 சூலை 1 அன்று ஏவப்பட்டது. பின்னர் அதிலிருந்த, வெளிநாட்டில் வாங்கப்பட்ட மூன்று அணுக்கடிகாரங்களும் பழுதடைந்தன. செயற்கைக்கோள் விண்ணில் இருந்தும் இடமறியப் பயன்படவில்லை. 2023 மே மாதத்தில் ஏவப்பட்ட என்விஎஸ்-01, இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட அணுக்கடிகாரத்தைச் சுமந்து சென்றது.