பிரிக்க முடியாத புல்லட்

அப்பா ஓட்டிய புல்லட் வீட்டின் பின்கட்டிலோ தோட்டத்துக் கொட்டகையிலோ இருபது, முப்பது ஆண்டுகளாக நிற்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. அண்ணன் ஒரு ஊரில், தங்கை இன்னொரு ஊரில், தம்பி வெளிநாட்டில் இருப்பார்கள். வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். என்றாவது ஒரு நாள் எல்லோரும் கூடி, அதை எடுத்து ஓடவைக்கலாம் என்று முடிவு செய்வார்கள். அப்போது எழும் முதல் கேள்வி, எந்த நிலைக்குக் கொண்டுவருவது என்பதுதான். ஏறக்குறைய எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றே: கம்பெனியிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி. பெயின்ட் முழுக்கச் சுரண்டிப் புதிதாக அடிக்க வேண்டும், குரோம் புதிதாகப் பூச வேண்டும், தேய்ந்ததை எல்லாம் மாற்ற வேண்டும். சென்னையில் பிறந்த புல்லட்டின் வரலாற்றைப் பார்த்தால், இந்தப் பதிலுக்கு ஆதாரம் மிகக் குறைவு என்பதே என் கருத்து. அந்த வண்டி எந்த நிலையில் கடைசியாக ஓடி நின்றதோ, அந்த நிலைக்குத்தான் அதைத் திருப்ப வேண்டும். ஓட வேண்டும், ஆனால் அதன் தேய்மானம் அதனிடமே இருக்க வேண்டும்.

புல்லட் என்ற பெயர் 1930களின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தின் ரெடிச் நகரில் பிறந்துவிட்டது. நாம் அறிந்த 350 புல்லட்டின் வடிவம் 1949இல் விற்பனைக்கு வந்தது. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சி.சி. நீண்ட ஸ்ட்ரோக் கொண்ட ஒற்றை சிலிண்டர். கே.ஆர். சுந்தரம் ஐயரின் மெட்ராஸ் மோட்டார்ஸ் அதை இங்கே இறக்குமதி செய்து விற்றது. எல்லைக் காவலுக்குத் தோதான வண்டி என்று ராணுவம் ஆர்டர் கொடுத்த பிறகு, 1955இல் ரெடிச்சின் ராயல் என்ஃபீல்ட் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. 1956இல் திருவொற்றியூர் ஆலை திறந்தது. அந்த ஆண்டு அங்கே உருவானவை 163 வண்டிகள்தான். அவையும் கப்பலில் உதிரிகளாக வந்து இங்கே பூட்டப்பட்டவை. பிறகு அச்சுகளும் எந்திரங்களும் வந்தன. பாகங்கள் ஒவ்வொன்றாக உள்ளூர் ஆயின. 1960களின் தொடக்கத்தில் முழு வண்டியும் இங்கேயே செய்யப்பட்டது. ரெடிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்ட் உற்பத்தி 1970இல் முற்றாக நின்றது. தாய்வீடு மூடிய பிறகும் வாழ்ந்த வண்டி, 1977இல் திருவொற்றியூரிலிருந்து கப்பலேறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போனது.

இந்தக் கதையில் நம் கேள்விக்கு வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. என்ஜினின் பெரிய அமைப்பு அரை நூற்றாண்டுக்கு மேல் மாறவில்லை. இரும்பு சிலிண்டர் கொண்ட பழைய என்ஜின் விடைபெற்றது 2010ஐ ஒட்டித்தான். ஆனால் அதைச் சுற்றிய சின்னச் சின்னப் பாகங்கள் மாறிக்கொண்டே இருந்தன. இங்கிலாந்திலிருந்து வந்த மின்சாதனங்களின் இடத்தில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். செய்தவை வந்தன. அமல் கார்புரேட்டரின் இடத்தில் மிக்கார்ப் வந்தது. ஆறு வோல்ட் பன்னிரண்டு வோல்ட் ஆனது. ஆகவே ‘கம்பெனி நிலை’ என்று கைகாட்ட ஒரே ஒரு மாதிரி கிடையாது. 1958 வண்டிக்கு ஒன்று, 1966 வண்டிக்கு ஒன்று, 1978 வண்டிக்கு வேறொன்று. ரெடிச் காலத்து ஆங்கிலக் கையேட்டை வைத்துக்கொண்டு 1970களின் சென்னை வண்டியைத் திருத்துகிறவர், அந்த வண்டி ஒருநாளும் இருந்திராத நிலைக்கு அதைக் கொண்டுபோகிறார். செலவும் உழைப்பும் கொட்டி ஒரு கற்பனை வண்டியைச் செய்கிறார் என்றே சொல்ல வேண்டும்.

ஆலைக்கு வெளியே நடந்தது இன்னும் முக்கியமானது. பெரிய அமைப்பு மாறாததால், இருபது ஆண்டு இளைய வண்டியின் பாகம்கூட முதிய வண்டியில் சிறு திருத்தத்தோடு உட்காரும். புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளும் ஜி.பி. ரோட்டுக் கடைகளும் ஒவ்வொரு ஊரின் லேத் பட்டறையும் புல்லட்டைத் தாங்கி நின்றது இதனால்தான். பத்துப் பதினைந்து ஆண்டு நன்றாக ஓடிய வண்டிக்கு என்ஜின் இறக்கி, போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டியிருப்பார்கள். ராக்கர் புஷ்ஷைப் பித்தளையில் கடைந்து போட்டிருப்பார்கள். கிளட்ச் தட்டில் கார்க் தேய்ந்தால் ஊரிலேயே புதிதாகப் பதித்திருப்பார்கள். 1991க்கு முன் வெளிநாட்டு உதிரிபாகம் வாங்குவது சாதாரண மனிதருக்கு எட்டாத காரியம். அந்தக் காலத்தில் ஓர் ஊர் மெக்கானிக் கடைந்து மாட்டிய புஷ், இறக்குமதிக் கட்டுப்பாடு ஒரு சிற்றூரின் பட்டறையில் எப்படி உணரப்பட்டது என்பதற்குச் சாட்சி. எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடைக்காத சாட்சி. அந்த மெக்கானிக்கின் பெயர் பெரும்பாலும் எங்கும் எழுதப்பட்டிருக்காது. அவருடைய கைவேலைதான் அவருக்கு மிஞ்சிய கையெழுத்து. ‘ஒரிஜினல் இல்லை’ என்று அதைக் கழற்றிக் குப்பையில் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த வண்டிகள் ஏன் கொட்டகைக்குப் போயின? 1980களின் நடுவில் ஜப்பானியக் கூட்டில் நூறு சி.சி. வண்டிகள் வந்தன. ஓசூரில் இந்த்-சுசுகி 1984இல் வந்தது. ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்.எக்ஸ். 100உம் 1985இல் வந்தன. லிட்டருக்கு அதிக தூரம் ஓடின, ஓர் உதையில் கிளம்பின. புல்லட் மெதுவாக அப்பாவின் வண்டி ஆனது. அப்பா மறைந்ததும் அது சட்டத்தின் கைக்குப் போனது. ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது ஒரே பெயர். உயில் எழுதாமல் இறந்த ஓர் இந்து ஆணின் சுயசம்பாத்தியச் சொத்து, 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் தாய்க்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமமாகச் சேரும். மகள்களுக்கும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ‘அண்ணன் தம்பி வண்டி’ என்று பேசப்படும் பல புல்லட்டுகளில் அக்காவுக்கும் தங்கைக்கும் அன்றிலிருந்தே பங்கு இருக்கிறது. உரிமையாளர் இறந்தால் முப்பது நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. அதற்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டும், மற்ற வாரிசுகளின் சம்மதக் கையெழுத்து வேண்டும். நிலத்தை அளந்து பிரிக்கலாம், நகையை நிறுத்துப் பிரிக்கலாம். வண்டியைப் பிரிக்க வழியில்லை. விலையோ சண்டைபோடும் அளவுக்கு இல்லை. ஆகவே ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை, ஒருவரும் விற்கவில்லை. ஒரே ஆள் கையில் இருந்த வண்டிகள் புது வண்டிக்கு மாற்றாகப் போயின, காயலான் கடைக்கு எடைக்குப் போயின, ஹேண்டில்பார் நீட்டி உருமாற்றப்பட்டன. பலருக்குப் பொதுவாக இருந்த வண்டி தப்பிப் பிழைக்க, அந்தப் பொது உரிமையே காவலாக நின்றது.

இதைக் காவல் என்று சொல்லலாமா, வெறும் அலட்சியம்தானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. மழை ஒழுகும் கொட்டகையில் விட்டது அலட்சியம்தான். ஆனால் அந்த அலட்சியம் எதை அழித்தது, எதை விட்டுவைத்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். டயர், டியூப், கேபிள், வயரிங், பேட்டரி, ரப்பர் புஷ், ஆயில் சீல் ஆகியவை அழிந்தன. எல்லாமே கடையில் கிடைப்பவை. டேங்கின் பெயின்ட், அதன்மேல் கையால் இழுத்த கோடு, என்ஜினிலும் சேஸிலும் அடித்த எண், டூல் பாக்ஸில் அப்பா வைத்த ஸ்பானர் ஆகியவை பிழைத்தன. எந்தக் கடையிலும் கிடைக்காதவை இவை. முழுப் புதுப்பித்தல் இதைத் தலைகீழாகச் செய்கிறது. கிடைப்பதை எல்லாம் புதிதாக மாட்டுகிறது, கிடைக்காததை எல்லாம் சுரண்டி எறிகிறது. முப்பது ஆண்டு அலட்சியம் செய்யாத சேதத்தை ஒரு வாரப் பட்டறை வேலை செய்துவிட முடியும்.

ஓடவைப்பதற்கு மேற்பரப்பைத் தொட வேண்டிய தேவை மிகக் குறைவு என்பதை வேலையின் போக்கிலேயே காணலாம். வெகுகாலம் நின்ற புல்லட்டை முதலில் உதைக்கவே கூடாது. பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரில் துருவோடு ஒட்டியிருக்கலாம். பிளக்கைக் கழற்றி உள்ளே ஆயில் விட்டுச் சில நாள் ஊறவைக்க வேண்டும். பிறகு டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். இந்த என்ஜினில் ஆயில் தொட்டி கிராங்க் கேஸோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருப்பதால், ஆண்டுக்கணக்கில் நின்ற ஆயில் சொட்டுச் சொட்டாக அடியில் இறங்கித் தேங்கியிருக்கும். வடிகாலைத் திறந்து அதை எடுக்காமல் கிளப்பினால் புகை மண்டும், சீல்கள் போகும். டேங்கில் விட்டுவைத்த பெட்ரோல் வற்றிப் பிசினாகி ஜெட்டை அடைத்திருக்கும். சைலென்சரில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். வயரை எலி கடித்திருக்கும். கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பிரேக் ஷூ கண்ணாடிபோல் இறுகியிருக்கும். இவை அத்தனையையும் திறந்து, கழுவி, வேண்டியதை மாற்றியே ஆக வேண்டும். டயரிலும் பிரேக்கிலும் பழமைக்கு எந்தச் சலுகையும் கிடையாது. ஏனென்றால் அங்கே பணயம் வைப்பது உயிரை. ஆனால் இவற்றில் எதற்காவது டேங்கின் பெயின்டைச் சுரண்ட வேண்டியிருக்கிறதா? இல்லை. வெளிப்பக்கத்துக்குச் சோப்புத் தண்ணீரும் மெழுகும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் போதும்.

துரு நிற்காமல் பரவுமே என்ற அச்சம் உண்டு. காற்றையும் ஈரத்தையும் தடுத்தால் மேல்துருவின் வேகம் அடங்கிவிடும். கடலோர உப்புக்காற்றில் இரும்பையே தின்று ஓட்டை போட்டிருந்தால், அந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டலாம். விலை பற்றிய வாதமும் உண்டு. பளபளக்கும் வண்டிக்குத்தானே மதிப்பு என்பார்கள். 2016இல் இங்கிலாந்தில் நடந்த ஏலம் ஒன்றை இங்கே நினைவுகூரலாம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கொட்டகைகளில் கிடந்த எட்டு பிரஃப் சுப்பீரியர் வண்டிகள் துருவும் தூசுமாக, சில உதிரிகளாகவே, ஏலத்துக்கு வந்தன. அவற்றில் ஒரு 1932 வண்டி, எதுவும் திருத்தப்படாமலேயே, 3,31,900 பவுண்டுக்குப் போனது. பிரஃப் சுப்பீரியர் அரிதான வண்டி, புல்லட் அப்படியல்ல, அந்த விலையை இங்கே யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அரிதல்ல என்பதே என் வாதத்துக்கு வலு சேர்க்கிறது. புல்லட் இன்றும் சென்னைக்கு அருகே உற்பத்தியாகிறது. அதே இரட்டைக் கண் விளக்கோடு, கோடு போட்ட டேங்கோடு, பளபளப்பாக ஷோரூமில் நிற்கிறது. பளபளப்பு வேண்டுமென்றால் அதை வாங்கிவிடலாம். நாற்பது ஆண்டு ஓடித் தேய்ந்த டேங்கை எந்த ஷோரூமும் விற்காது.

இவை எல்லாவற்றையும்விட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் துணி போட்டுத் துடைத்த வண்டி அது. அதைத் துருவோடு நிறுத்துவது அவருக்குச் செய்யும் மரியாதையா? இந்தக் கேள்வியின் கனத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அவர் வாங்கிய நாளின் வண்டியைப் பெரும்பாலான பிள்ளைகள் பார்த்ததே இல்லை, பலர் அப்போது பிறந்திருக்கவில்லை. அவர்கள் அறிந்தது டேங்கின்மேல் உட்கார்ந்து போன வண்டி, முழங்கால் பட்டுப் பட்டுப் பெயின்ட் மங்கிய வண்டி. அந்த மங்கல்தான் அவர்களுக்கும் அப்பாவுக்கும் பொதுவானது. வண்டி ஏற்கெனவே யாரோ அடித்த வேறு நிறத்தில் இருந்தால், டேங்கும் மட்கார்டும் எப்போதோ தொலைந்திருந்தால், காக்க வேண்டிய மேற்பரப்பே இல்லை. அங்கே முழுப் புதுப்பித்தலை எதிர்க்க எனக்குக் காரணமில்லை. மற்ற இடங்களில், உடன்பிறந்தோரின் பொது உரிமையே ஒரு நெறியைத் தருகிறது. சுரண்டிய பெயின்டைத் திரும்ப ஒட்ட முடியாது. திருப்ப முடியாத வேலைக்கு எல்லாப் பங்காளிகளின் சம்மதமும் வேண்டும், தொலைவில் இருக்கும் தங்கையின் சம்மதமும் சேர்த்து. கார்புரேட்டரைக் கழுவ அவ்வளவு பெரிய சம்மதம் தேவையில்லை. கழற்றிய பழைய பாகங்களைப் பெயரெழுதி ஒரு பெட்டியில் வைத்துவிட்டால், நாளை இன்னொருவர் வேறு முடிவு எடுக்கும் உரிமையும் பறிபோகாது.

உலகப் பழைய வாகனக் கூட்டமைப்பின் டூரின் சாசனமும் ஏறத்தாழ இதே பக்கம் நிற்கிறது. கட்டடங்களைக் காப்பதற்கு 1964இல் உருவான வெனிஸ் சாசனத்தின் வழியில் வந்த அது, காப்பதற்கு முதலிடமும் புதுப்பிப்பதற்குப் பின்னிடமும் தருகிறது. நம் நாட்டில் 2021இல் வந்த விதி, ஐம்பது ஆண்டு கடந்த, மூல வடிவத்தில் இருக்கும், பெரிய மாற்றத்துக்கு உள்ளாகாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்கள் என்று வகைப்படுத்துகிறது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு பத்து ஆண்டு செல்லும். கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டலாம், தினசரிப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது. அந்த விதி மனத்தில் வைத்திருப்பது ஆலையின் வடிவத்தை, பட்டறையின் வரலாற்றை அல்ல. அந்தக் குறை அதில் இருக்கிறது. ஆனாலும் சேஸையும் என்ஜினையும் மாற்றாமல் நிற்கும் வண்டிக்கு அது ஒரு வாசலைத் திறக்கிறது. 1970களில் திருவொற்றியூரிலிருந்து வந்த வண்டிகள் இந்தப் பத்தாண்டில் ஒவ்வொன்றாக ஐம்பதைத் தாண்டுகின்றன. அவற்றில் பல இன்னும் இறந்த தந்தையின் பெயரிலேயே இருக்கின்றன. பட்டறைக்குக் கொண்டுபோகும் முன் எல்லா வாரிசுகளும் கூடி, இருக்கிற நிலையில் வண்டியை நான்கு பக்கமும் படம் எடுத்து, எண்களைக் குறித்துவைத்து, பெயர் மாற்றத்துக்கான கையெழுத்துகளைப் போட்டுவிடுவது நல்லது. ஸ்பானரை அதற்குப் பிறகு எடுக்கலாம்.