‘பின்’ என்னும் சொல்லும் குழந்தையின் காப்புரிமையும்

தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் எல்லைப்பகுதி எலப்புள்ளி. 1956 ஆகஸ்டு 25இல் இந்து இளவர் (மைனர்), காப்பாளர் சட்டம் ஒப்புதல் பெற்றபோது, இவ்வூர் சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. நவம்பர் 1இல் கேரளத்தைச் சேர்ந்தது. மாநிலம் மாறினும் சட்டம் மாறவில்லை. ஆனால் அச்சட்டத்தின் ஒரு சொல் பின்னர்ப் பொருள் மாறியது. அம்மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. சட்டத்தின் சொல்

1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம், தந்தை உயிருடன் இருந்து தகுதியுடையவராகவும் இருப்பின், குழந்தைக்கு வேறொருவரைக் காப்பாளராக அமர்த்துவதைத் தடுத்தது. தாய்க்கும் இது பொருந்துமாறு 2010இல்தான் திருத்தம் வந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் ‘பின்’ தாய் என வரிசைப்படுத்தியது. ஐந்து வயது நிறையாத குழந்தை ‘சாதாரணமாக’த் தாயிடம் இருக்கவேண்டும் என்றும் கூறியது. பதின்மூன்றாம் பிரிவு குழந்தையின் நலனையே தலையாயதாக்கியது. எனவே காப்பாளர் தகுதி வேறு, குழந்தையை உடன் வைத்து வளர்க்கும் பொறுப்பு வேறு. பெற்றோர் பிரியும்போது இரண்டும் ஒன்றாகவே வழக்காடப்படுகின்றன.

2. நீதிமன்றத்தின் பொருள்

1970இல் ஜிஜாபாய் வழக்கில், தந்தை உயிருடன் இருந்தும் மகளின் நலனில் அக்கறையற்றிருந்தமையால், தாயை இயற்கைக் காப்பாளராகவே கொள்ளலாம் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகனின் பெயரில் பத்திரம் வாங்கத் தாம் காப்பாளராக இட்ட கையெழுத்தை ரிசர்வ் வங்கி ஏற்காததால் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் வழக்குத் தொடுத்தார். விவாகரத்து வழக்கில் தந்தையே இயற்கைக் காப்பாளர் எனக் கணவர் வாதிட்டதை எதிர்த்து வந்தனா சிவா தொடுத்த வழக்கும் உடன் விசாரிக்கப்பட்டது. 1999 பிப்ரவரி 17இல் வழங்கிய தீர்ப்பில், ‘பின்’ என்பது ‘தந்தையின் வாழ்நாளுக்குப் பின்’ என்று மட்டும் பொருள்படாது, ‘அவர் இல்லாத நிலையில்’ என்றும் பொருள்படும் என நீதிமன்றம் விளக்கியது. குழந்தையைப் பேணாமையும் அவ்வின்மையுள் அடங்கும். சட்டத்தின் எழுத்து அப்படியே நின்றது, பொருளே விரிந்தது.

3. மொழிபெயர்ப்பின் சிக்கல்

தமிழில் ‘அப்பாவுக்குப் பின்’ என்றால் கேட்போர் பெரும்பாலும் அவருடைய மறைவையே உணர்வர். மலையாளத்தில் ‘சேஷம்’ வெறும் பின்மையையும், ‘காலசேஷம்’ வாழ்நாள் முடிவையும் குறிக்கும். ‘காலத்துக்குப் பின்’, ‘காலசேஷம்’ எனப் பெயர்த்தால், நீதிமன்றம் திறந்த கதவை மொழிபெயர்ப்பாளர் மீண்டும் அடைத்தவராவார். ‘இல்லாத நிலையில்’ என்பதோ இறப்பையும் விலகலையும் ஒருங்கே தழுவும். ஆயினும் சட்டவாசகத்தில் அதை இடுவது தீர்ப்பின் விளக்கத்தைச் சட்டத்துள் புகுத்துவதாகும். எனவே சட்டத்துக்குப் ‘பின்’ என்பதையும் தீர்ப்புக்கு ‘இல்லாத நிலையில்’ என்பதையும் ஆளுதலே தகும். தாயின் கையெழுத்து செல்லுமா என்பது இவ்வேறுபாட்டைப் பொறுத்தது.